தைராய்டு எடுத்த பிறகு: முதல் ராத்திரி ரத்தம், மூன்றாம் ராத்திரி கால்சியம்

தைராய்டை முழுதாக எடுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு உயிரைத் தொடக்கூடிய சிக்கல்களில் இரண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம். ஒன்று கழுத்துக்குள் ரத்தம் கட்டுவது. மற்றது கால்சியம் இறங்குவது. ரத்தம் கட்டினால் பாதிக்கு மேல் முதல் ஆறு மணி நேரத்திலேயே தெரியும், மீதியும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அப்போது நோயாளி வார்டில் இருக்கிறார். கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அப்போது அவர் தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ தன் வீட்டில் படுத்திருக்கிறார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், மதுரை 170. இந்தக் கரையில் தைராய்டு ஆபரேஷனைப் பற்றி எதைப் பேசினாலும் இந்தத் தூரத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். ரத்தத்தை எங்கே, எதைக்கொண்டு, எவ்வளவு நெருக்கத்தில் நிறுத்தினோம் என்பதே மூன்றாம் நாள் கால்சியத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

காரணம் கழுத்தின் அமைப்பில் இருக்கிறது. தைராய்டுக்கு மேலிருந்து ஒரு தமனி, கீழிருந்து ஒரு தமனி, இரு பக்கமும். சுரப்பியின் முதுகில் ஒட்டிக்கொண்டு பொதுவாக நான்கு பாராதைராய்டுகள். ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பு அளவு, 30 முதல் 50 மில்லிகிராம் எடை. ரத்தத்தில் கால்சியத்தைத் தாங்கிப் பிடிப்பது இந்த நான்கு பருப்புகள்தான். நான்குக்கும் பெரும்பாலும் கீழ்த்தமனியின் முடிபோன்ற கிளைகளே சோறு போடுகின்றன. அந்தக் கிளை போனால் வேறு வழியாக ரத்தம் வருவது அரிது. ஆகவே கீழ்த்தமனியை அதன் அடிமரத்தில் கட்டக்கூடாது. சுரப்பியின் உறையை ஒட்டி, கிளை கிளையாகப் பிரித்துக் கட்ட வேண்டும். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இந்தப் பாடம் நூறு வருடத்துக்கும் பழையது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் கோக்கர் ஒவ்வொரு ரத்தக்குழாயாகப் பிடித்து, மெதுவாக, ரத்தமில்லாத களத்தில் தைராய்டை எடுத்தார். வியன்னாவில் பில்ரோத் வேகமாக எடுத்தார். பில்ரோத்தின் நோயாளிகளுக்குக் கை கால் இழுப்பு வந்தது, கோக்கரின் நோயாளிகளுக்கு அது அதிகம் வரவில்லை. இரண்டு பேரின் கையையும் நேரில் பார்த்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், வித்தியாசம் திசுவைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்தார். கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1909இல். அந்த இழுப்பு கால்சியம் கொடுத்தால் நிற்கும் என்று மக்காலமும் வோக்ட்லினும் காட்டியதும் அதே 1909இல்தான்.

தியேட்டரில்

ரத்தத்தை நிறுத்தும் வேலை கத்தி வைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை நாள் முன் நிறுத்துவது, நிறுத்தலாமா கூடாதா என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள். தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பி ரத்தத்தால் ஊறிப்போய் இருக்கும், தொட்டாலே கசியும். அதற்கு லூகால் அயோடின் கரைசலை ஒரு வேளைக்கு 5 முதல் 7 சொட்டு, நாளைக்கு மூன்று வேளை, ஆபரேஷனுக்கு முந்தைய 10 நாள் கொடுத்தால் ரத்த ஓட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைகிறது. தண்ணீரிலோ ஜூஸிலோ கலந்து குடிக்க வேண்டும்.

நூல்கட்டு இன்றும் நம்பகமானது. மேல்முனைத் தமனி தைராய்டு ஆபரேஷனில் தூக்கம் கெடுக்கும் இடம். அங்கே கட்டு நழுவினால் தமனி மேலே சுருங்கித் தசைக்கடியில் ஒளிந்துகொள்ளும், தேடி எடுப்பது பெரும்பாடு. அதனால் உடம்போடு தங்கும் பக்கம் இரண்டு கட்டு, சுரப்பியோடு போகும் பக்கம் ஒன்று. கட்டும்போது மேல்முனையைக் கொத்தாகச் சேர்த்துப் பிடிக்கக்கூடாது. குரலின் உச்சத்தைத் தரும் மெல்லிய நரம்பு அதையொட்டியே ஓடுகிறது. கிளைகளைத் தனித்தனியாக, சுரப்பிக்கு அருகில் கட்டினால் நரம்பு தப்பும்.

அல்ட்ராசோனிக் கத்தரி நொடிக்கு 55,500 முறை அதிர்ந்து, அந்தச் சூட்டில் குழாயை அடைத்து வெட்டுகிறது. நேரம் மிச்சம், நூல் மிச்சம். அதில் தவறு நேரும் விதங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது இழுவை. திசுவை இறுக்கி இழுத்துக்கொண்டே மிதியை அழுத்தினால், அடைபடுவதற்கு முன்பே குழாய் அறுந்துவிடும். பிடித்து, இழுவையைத் தளர்த்தி, அடைபட விட்டு, பிறகு வெட்ட வேண்டும். இரண்டாவது மீதிச் சூடு. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அலகு சில நொடிகளுக்குத் திசுவைச் சுடும். அதே அலகால் பாராதைராய்டை ஒதுக்கித் தள்ளினால், அதைச் சுட்டுவிட்டோம் என்பது மூன்றாம் நாள்தான் தெரியும். பயன்படுத்தியதும் ஈரக் காஸ் துணியில் ஒற்றிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது நல்ல பழக்கம். அதிரும் அலகு நரம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். நரம்பிலிருந்தும் பாராதைராய்டிலிருந்தும் குறைந்தது 3 மில்லிமீட்டர் விலக வேண்டும். மூன்றாவது தேய்மானம். ஒரே முறைக்கென்று செய்த கத்தரியைத் திரும்பத் திரும்பக் கழுவி எடுத்தால் தாடையிலுள்ள வெள்ளைப் பட்டை தேய்கிறது, அடைப்பு பலவீனமாகிறது. பட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்க வேண்டும்.

குழாயை அழுத்திப் பிடித்து மின்சூட்டால் ஒட்டவைக்கும் பைபோலார் சீலர் 7 மில்லிமீட்டர் வரையிலான குழாய்களுக்கென்று செய்யப்பட்டது. அது சொல்லும் முடிவு ஒலி கேட்கும்வரை தாடையைத் திறக்கக்கூடாது. சாதாரண மோனோபோலார் சூடு தோலுக்கும் தசைக்கும் சரி. சுரப்பியின் முதுகுப்புறம் அதற்கு இடமில்லை.

குரல் நரம்பு குரல்வளைக்குள் நுழையும் இடத்தில், சுரப்பியை மூச்சுக்குழாயோடு பிணைக்கும் பெர்ரி தசைநார் அருகே ஒரு சின்னக் கசிவு அடிக்கடி வரும். அதுதான் இந்த ஆபரேஷனின் பொறுமைச் சோதனை. ரத்தக் குளத்துக்குள் குருட்டுத்தனமாக இடுக்கி போட்டால் நரம்பு மாட்டும். சுருட்டிய ஈரக் காஸை வைத்து மெல்ல அழுத்தி, கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் காத்திருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நரம்பைக் கண்ணால் பார்த்த பிறகு, நுனி மெலிந்த பைபோலாரால் சலைன் சொட்டவிட்டுக்கொண்டே தொடலாம், அல்லது சின்ன கிளிப் போடலாம். கரையும் செல்லுலோஸ் துணியை மேலே வைப்பது கடைசிக் கசிவுக்குத் துணைதான். ஓடும் ரத்தத்தை மூடிமறைக்க அதை வைத்தால், அது ராத்திரி பத்து மணிக்குப் பதில் சொல்லும்.

பாராதைராய்டை அடையாளம் காண்பது பழகிய கண்ணுக்கே சில நாள் கடினம். பக்கத்திலிருக்கும் கொழுப்பு வெண்ணெய் மஞ்சள். இது லேசாக வறுத்த முந்திரியின் பழுப்பு. வெட்டிவந்த துண்டில் சந்தேகம் இருந்தால் சலைன் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், கொழுப்பு மிதக்கும், பாராதைராய்டு மூழ்கும். அகச்சிவப்புக் கேமரா வைத்த மையங்களில் அது தானாக ஒளிர்வதைப் பார்க்க முடிகிறது. இல்லாத இடத்தில் நல்ல வெளிச்சமும் உலர்ந்த களமும்தான் கேமரா. ரத்தம் படிந்தால் எல்லாமே ஒரே நிறம். ரத்தத்தைக் கட்டுப்படுத்துவது பாராதைராய்டைக் காப்பதற்கும் முதல் படி என்று சொல்வது இதனால்தான்.

இருந்த இடத்திலேயே பாராதைராய்டு கறுத்துவிட்டால் ஓரத்தில் ஊசிமுனையால் ஒரு கீறல். கறுப்பு ரத்தம் வடிந்து மெல்லச் சிவப்பு வந்தால் தேங்கல்தான், விட்டுவிடலாம். ரத்தமே வராவிட்டால் எடுத்து, ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக அரிந்து, கழுத்துத் தசைக்குள் பை செய்து வைத்து, நூலால் அடையாளம் போட வேண்டும். அது வேர்பிடித்து வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மாத்திரைதான் பாராதைராய்டு.

மூடுவதற்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்லி, மூச்சுக்காற்றின் அழுத்தத்தை 30 முதல் 40 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு உயர்த்தி, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, சில நொடிகள் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் சிரைகள் (ரத்தம் திரும்பும் குழாய்கள்) அப்போது வாய் திறக்கும். ரத்தம் வெளியே வடிய டிரெய்ன் குழாய் வைத்திருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம். உறைந்த ரத்தம் குழாயை அடைத்துவிடும். கழுத்து வீங்கும்போது குழாயில் எதுவும் வராமலே இருக்கலாம்.

முதல் ராத்திரி

தலையணைப் பக்கம் 30 டிகிரி உயரம். வாந்தி வராமல் முன்கூட்டியே ஊசி, ரத்த அழுத்தம் கட்டுக்குள். கழுத்தைத் துணியால் மூடிவைக்காதீர்கள். கழுத்து எல்லாருக்கும் தெரிய வேண்டும். உடன் இருப்பவர் முதலில் கவனிக்கிற மாற்றம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். எச்சில் விழுங்கச் சிரமம், கழுத்து இறுகுகிறது என்ற புகார், காரணமில்லாத பதற்றம், படுக்கவே முடியாமல் எழுந்து உட்காருவது. “ஆபரேஷன் பண்ணிருக்காங்கல்ல, அப்படித்தான் இருக்கும்” என்று யாரும் சமாதானம் சொல்லக்கூடாது. விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் எண் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அது விழும்போது நேரம் கடந்திருக்கும்.

கட்டிய ரத்தம் மூச்சுக்குழாயை நேரடியாக நசுக்குவதைவிட, சிரை ரத்தமும் நிணநீரும் திரும்ப வழியில்லாமல் செய்து குரல்வளையை வீங்க வைப்பதே பெரிய கெடுதல். வீங்கிய குரல்வளையில் சுவாசக் குழாய் போடுவது கடினம். ஆகவே மூச்சு திணறினால், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு முன் படுக்கையிலேயே காயத்தைத் திறக்க வேண்டும். கழுத்தை வெளிப்படுத்தி, தோல் தையலை வெட்டி, தோலை விரித்து, தசைத் தையலையும் வெட்டி, கட்டியை விரலால் வழித்துவிட்டு, காஸ் வைக்க வேண்டும். தோலை மட்டும் திறந்தால் போதாது, ரத்தம் தசைக்கு அடியில் இருக்கிறது. கத்தரி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், காஸ், கையுறை நான்கும் ஒரு தட்டில் கட்டிலருகே இருக்கட்டும். சீனியர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஒவ்வொரு நர்ஸுக்கும் பயிற்சி மருத்துவருக்கும் மாலையிலேயே வாய்விட்டுச் சொல்லிவைக்க வேண்டும். சிறிய மருத்துவமனையிலிருந்து மதுரைக்கு அனுப்புவதானாலும் முறை இதுதான். வீங்கிய கழுத்தைத் தையலோடு ஆம்புலன்ஸில் ஏற்றாதீர்கள்.

மூன்றாம் ராத்திரி

பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே வாழ்கிறது. அதனால் ஆபரேஷன் முடிந்த நான்கு மணி நேரத்திலேயே அதை அளந்து பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 15 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் பெரிய இறக்கம் வர வாய்ப்பு குறைவு. அதற்குக் கீழே இருந்தால் கால்சியம் இன்னும் நன்றாக இருந்தாலும் அன்றே மாத்திரையைத் தொடங்குவது நல்லது. இந்தப் பரிசோதனை கிடைக்காத இடத்தில், முழுத் தைராய்டு எடுத்த எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பது பாதுகாப்பு. தூரத்து ஊர்க்காரர்களுக்கு நாங்கள் இதையே சொல்வோம். ஒரு பக்கம் மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு.

ரத்தத்தில் மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை சரி. அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருந்தால் கணக்கைத் திருத்த வேண்டும்: 4இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 7.6, அல்புமின் 3 என்றால் உண்மை அளவு 8.4. கூடவே மெக்னீசியத்தையும் பாருங்கள். அது குறைந்திருந்தால் எவ்வளவு கால்சியம் ஏற்றினாலும் நிற்காது. வெயில் ஊர்தானே என்று வைட்டமின் டி பார்க்காமல் விடுவதும் தவறு. வலை இழுப்பவர் தோல் வெயிலில் வேகலாம். வீட்டுக்குள் இருப்பவருக்கு அந்த வெயில் எட்டுவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே அளந்து, குறைவாக இருந்தால் வாரம் ஒரு 60,000 யூனிட் வீதம் 6 முதல் 8 வாரம் கொடுத்து நிரப்பிவிட்டால் மூன்றாம் ராத்திரி அமைதியாகப் போகும். கிரேவ்ஸ் நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம். பல மாதம் கரைந்துபோன எலும்பு, சுரப்பி போனதும் ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பசியோடு இழுத்துக்கொள்ளும்.

அறிகுறி எப்படி வரும்? “அக்கா, வாயைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருக்கு” என்பார்கள். பிறகு விரல்நுனி மரமரக்கும். கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். முற்றினால் கை தானாகக் குவியும்: வளையல்காரர் முன் வளையல் ஏற்றுவதற்காக விரல்களைச் சேர்த்துக் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குவிப்போமே, அதே கை. ரத்த அழுத்தப் பட்டையை மேல் அளவைவிட 20 அதிகமாக ஏற்றி மூன்று நிமிடம் வைத்தால், மறைந்திருக்கும் குறைவு இந்தக் கையாக வெளியே வந்துவிடும். கன்னத்தில் காதோரம் தட்டிப் பார்க்கும் சோதனை அவ்வளவு நம்பத்தக்கதல்ல. ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் உதடு துடிக்கும். பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் மரமரப்பு இன்னும் கூடும், ஆகவே நிதானமாக மூச்சுவிடச் சொல்லிக்கொண்டே மாத்திரையைக் கொடுங்கள்.

மாத்திரைக் கணக்கில் குழப்பம் வருவது அட்டையில்தான். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று இருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500. வழக்கமான அளவு நாளைக்கு 1 முதல் 3 கிராம் உண்மைக் கால்சியம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. அதாவது வேளைக்கு இரண்டு மாத்திரை, மூன்று வேளை என்றால் 3 கிராம். கார்பனேட்டுக்கு வயிற்றமிலம் தேவை, சாப்பாட்டோடு போட வேண்டும். பான்டப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சிட்ரேட் வகை நல்லது. பாராதைராய்டு ஹார்மோன் குறைந்தவர்களுக்கு, வைட்டமின் டியின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால் 0.25 முதல் 0.5 மைக்ரோகிராம் இரண்டு வேளை சேர்ப்பார்கள். மருந்துக்கடையில் அதற்குப் பதிலாகச் சாதாரண வைட்டமின் டி கொடுத்தால் வாங்காதீர்கள். அதைச் செயல்படும் வடிவமாக மாற்றவே பாராதைராய்டு ஹார்மோன் வேண்டும், இங்கே அது இல்லை. தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாகக் காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராக்ஸினுக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம்.

கேழ்வரகுக் கூழும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் நல்ல உணவு, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம். 3 கிராமை எட்ட ஒரு நாளைக்கு 850 கிராம் மாவு வேண்டும். இந்த இரண்டு வாரத்துக்கு மாத்திரையின் வேலையை உணவு செய்யாது.

கை குவிந்துவிட்டால், குரல் அடைத்து மூச்சில் கீச்சொலி வந்தால், வலிப்பு வந்தால், அல்லது கால்சியம் 7.5க்குக் கீழே போய் அறிகுறியும் இருந்தால் ஊசி வேண்டும். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஒரு ஆம்ப்யூல் 10 மில்லி, அதில் உண்மைக் கால்சியம் 93 மில்லிகிராம். ஒன்று அல்லது இரண்டு ஆம்ப்யூலை 50 முதல் 100 மில்லி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து 10 முதல் 20 நிமிடத்தில், ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, ஏற்ற வேண்டும். அதன் பலன் சில மணி நேரமே நிற்கும். தேவைப்பட்டால் 10 ஆம்ப்யூலை ஒரு லிட்டரில் கலந்து மணிக்கு 50 மில்லி என்று தொடங்கி, அளந்து அளந்து ஏற்றுவார்கள். வேகமாகத் தள்ளினால் இதயத் துடிப்பு நின்றுவிடலாம். தெருமுனைக் கிளினிக்கில் நேரடியாகச் சிரையில் ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். சிரைக்கு வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும், ஆகவே பெரிய சிரையில், ஓட்டம் சரிபார்த்த பிறகே போட வேண்டும். செஃப்ட்ரியாக்ஸோனும் பைகார்பனேட்டும் அதே குழாயில் போகக்கூடாது, வெள்ளையாகத் திரிந்துவிடும்.

மூச்சில் கீச்சொலி வந்தால் எது காரணம் என்று குழம்ப வேண்டியதில்லை. முதல் நாள் வந்தால் ரத்தக்கட்டு என்றே எடுத்துக்கொண்டு கழுத்தைப் பாருங்கள். கழுத்து தட்டையாக இருந்து, மூன்றாம் நாள் வந்தால் கால்சியத்தைப் பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

டிஸ்சார்ஜ் தாளில் மருத்துவமனை எண் இருக்கும். அதோடு உங்கள் ஊருக்கு அருகில், ராத்திரியும் திறந்திருக்கிற, கால்சியம் குளுக்கோனேட்டும் இதயத் துடிப்பு மானிட்டரும் உள்ள இடம் எது என்று கேட்டுப் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளும் விவரம் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டு ஆள் விசைப்படகில் ராத்திரி கடலுக்குப் போனால் போனில் பிடிக்க முடியாது. அவசரமில்லாத கழலையாக இருந்தால் ஆபரேஷனை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம், எல்லாரும் கரையில் இருப்பார்கள். புற்றுநோய் என்று ஊசிப் பரிசோதனையில் வந்திருந்தால் தடைக்காலத்துக்குக் காத்திருப்பதா என்பதை மருத்துவரே சொல்லட்டும். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையை எங்கே எடுப்பது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு, இந்தக் கரையில் பலருக்கு மதுரைப் பயணம் மிச்சமாகியிருக்கிறது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு மாதத்தில் ஒரு கேள்வி எப்போதும் வரும். ஆபரேஷன் முடிந்து கால்சியம் இன்னும் நிலைப்படாதவர் நோன்பைத் தள்ளிவைக்க வேண்டும். நாலு வேளை மருந்தை இரண்டு வேளைக்குள் அடக்க முடியாது. நிலைப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு, தைராக்ஸினையும் கால்சியத்தையும் சஹருக்கும் நோன்பு திறப்புக்கும் இடையே நான்கு மணி நேரக் கணக்கு கெடாமல் பிரித்துக்கொள்ளலாம்.

முழுத் தைராய்டு எடுத்தவர்களில் பொதுவாக நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குத் தற்காலிகக் குறைவு வருகிறது. பழகிய கைகளில் நிரந்தரமாக நிற்பது 1 முதல் 3 பேருக்கு. ஆறு மாதம் தாண்டியும் மாத்திரை தேவைப்பட்டால் அவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். அவர்களுக்குக் கால்சியத்தை நடுவிலோ மேலேயோ வைக்கக்கூடாது. 8 முதல் 8.5 வரை, மரமரப்பு இல்லாத கீழ்வரம்பில் வைப்பதுதான் சிறுநீரகத்துக்கு நல்லது. ஹார்மோன் இல்லாமல் ஏறும் கால்சியம் சிறுநீரில் வழிந்து கல்லாகும், இந்த வெயிலில் தண்ணீர் குறைந்தால் இன்னும் சீக்கிரம். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல் சேர்ந்து வந்தால் கால்சியம் கூடிவிட்டது என்று எண்ணி, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.